ரூம் இல்லை, டேபிள் இல்லை

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் பாண்டிக்கு வேலைக்குப் போய்வரும் ஒரு பெண், கூட வேலை பார்க்கும் மணிப்பூர் தோழியோடு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஒயிட் டவுனில் ஒரு கஃபேக்குப் போயிருக்கிறார். "டேபிள் எல்லாம் ரிசர்வ்டு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். உள்ளே நாலைந்து டேபிள் காலியாகத்தான் கிடந்தது. சரி என்று வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு வெள்ளைக்கார ஜோடி நடந்து வந்தது. அவர்களை எதுவும் கேட்காமல் உள்ளே உட்கார வைத்தார்கள். திரும்பிப் போய்க் கேட்டால், "அவங்க புக் பண்ணிட்டு வந்தவங்க" என்று பதில். தோழி, "விடு, எனக்குப் பழகிடுச்சு" என்றாராம். இது நிறவெறிதானா, இல்லை நான்தான் அதிகமாக யோசிக்கிறேனா, சட்டம் என்ன சொல்கிறது, கன்சூமர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறார்.

அங்கே நிற்காத நான் அடித்துச் சொல்ல முடியாது. அந்த ஜோடி நிஜமாகவே புக் செய்திருக்கலாம். ஆனால் 'ரிசர்வ்டு' என்ற அந்த ஒரு சொல்லை எப்படியெல்லாம் எடுத்து வீசுவோம் என்பது எனக்கு உள்ளேயிருந்து தெரியும். பதினாலு வருஷம் பாண்டியில் லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்தவன் நான். இப்போது கடலூரோடு வந்துவிட்டேன். தெரிந்தவர்களுக்கு நுகர்வோர் மனு எழுதிக் கொடுப்பது, கன்சூமர் கோர்ட்டுக்குத் துணைக்குப் போவது என்று பொழுது போகிறது. ஆக, தப்பு செய்த பக்கமும் தெரியும், மனு போடுகிற பக்கமும் தெரியும்.

முதலில் தப்பு செய்த கதை. ஒரு மத்தியானம் இரண்டு பையன்கள் வந்தார்கள். ஆப்பிரிக்க மாணவர்கள். இஸ்திரி போட்ட சட்டை, ஆளுக்கொரு தோள்பை, கையில் பாஸ்போர்ட். ஜெராக்ஸ்கூட எடுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். இரண்டு ராத்திரிக்கு ஒரு டபுள் ரூம் வேண்டும் என்றார்கள். முதலாளி உள் அறையிலிருந்து கண்ணைக் காட்டினார். நான் "ஃபுல்" என்றேன். என் தலைக்குப் பின்னால்தான் சாவிப் பலகை. பித்தளை வில்லை கோத்த சாவிகள், அன்றைக்குப் பதினொன்று தொங்கிக்கொண்டிருந்தன. ஃபேன் காற்றில் இரண்டு மூன்று லேசாக ஆடி ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் வேறு போட்டன. அந்த உயரமான பையன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பலகையைத்தான் பார்த்தான், ஒவ்வொரு சாவியாக, எண்ணுகிற மாதிரி. அப்புறம் "தேங்க் யூ, சார்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனான். அவன் சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் ஞாபகம் இருந்திருக்காது.

மறுநாள் முதலாளி ஒரு காரியம் செய்தார். ஆசாரியைக் கூப்பிட்டுச் சாவிப் பலகையைக் கழற்றி, கவுண்டருக்குக் கீழே, வருகிறவர் கண்ணுக்குப் படாத இடத்தில் அடிக்கச் சொன்னார்.

அவர் சொன்ன காரணம் சி ஃபார்ம். வெளிநாட்டுக்காரர் யார் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அந்தப் படிவத்தில் நிரப்பி அனுப்ப வேண்டியிருந்தது. அப்போது தாளில் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுப்போம், அப்புறம் ஆன்லைனுக்கு மாறியது. விசா தேதியில் ஒரு எண் தப்பினாலும் லாட்ஜுக்குத்தான் திட்டு விழும். "இந்தத் தலைவலி நமக்கு எதுக்கு?" என்பார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அதே வாரம் ஒரு பிரெஞ்சுக் குடும்பம் வந்தது, அப்பா அம்மா இரண்டு பிள்ளைகள். நாலு பாஸ்போர்ட், நாலு சி ஃபார்ம். முதலாளியே எழுந்து வந்து இளநீர் வெட்டச் சொன்னார். நாலு படிவத்தையும் நான்தான் என் கையால் நிரப்பினேன். தலைவலி யாருக்கும் வரவில்லை.

உங்கள் கேள்விக்கு நான் வைக்கும் உரைகல் இதுதான். கடைக்காரர் சொல்கிற காரணம் பொய்யா மெய்யா என்று ஆராய்ந்து பிரயோஜனம் இல்லை, பெரும்பாலும் அது பாதி மெய்யாகத்தான் இருக்கும். சி ஃபார்ம் உண்மையிலேயே வேலைதான். சனிக்கிழமை டேபிள் உண்மையிலேயே புக் ஆகிறதுதான். அந்தக் காரணம் யாரிடம் சொல்லப்படுகிறது, யாரிடம் சொல்லப்படாமல் போகிறது என்று மட்டும் பாருங்கள். உங்களிடம் "ரிசர்வ்டு" என்று சொன்னார்கள். அந்த ஜோடியிடம் "புக் பண்ணீங்களா?" என்றாவது கேட்டார்களா? நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கேட்கவில்லை. பேரைச் சொல்லி நோட்டில் டிக் அடித்து உட்கார வைப்பதுதான் புக்கிங். அது நடந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

வெளிப்படையாகப் பலகை மாட்டுகிறவர்களும் உண்டு. பெங்களூரில் ஜப்பானியருக்காகவே நடந்த ஓர் ஓட்டல் இந்தியர்களை உள்ளே விடுவதில்லை என்று புகார் எழுந்து, 2014-ல் மாநகராட்சியே அதை மூடியது. நம் ஊரில், நம் காற்றைச் சுவாசித்துக்கொண்டு, நமக்கே இடமில்லை. இவை செய்தியாகிவிடும், கையும் களவுமாக மாட்டிக்கொள்ளும். உங்களுக்கு நடந்த வகைதான் மாட்டாது.

ஏன் மாட்டாது என்பதற்கு ஒரு பழைய அமெரிக்க ஆய்வு ஞாபகத்துக்கு வருகிறது. 1930-களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் லாப்பியர் என்ற சமூகவியல் பேராசிரியர் ஒரு சீன இளம் தம்பதியோடு காரில் அமெரிக்கா முழுக்கச் சுற்றினார். சீனர்கள் மேல் அங்கே கடும் வெறுப்பு இருந்த காலம். 251 ஓட்டல், விடுதிகளில் ஏறி இறங்கியதில் ஒரே ஒரு இடத்தில்தான் முடியாது என்றார்கள். ஆறு மாதம் கழித்து அதே இடங்களுக்கு, "சீனர்களை வாடிக்கையாளராக ஏற்பீர்களா?" என்று கடிதம் போட்டார். பதில் போட்ட 128 பேரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் "மாட்டோம்" என்று எழுதினார்கள். நேரில் வந்து நின்று, நல்ல சட்டை போட்டு, சிரித்த முகமாகக் கேட்கிறவரை மறுக்க மனுஷனுக்குக் கூச்சம். கடிதத்தில் கூச்சம் இல்லை. 1934-ல் வெளியான இந்த ஆய்வை ஓட்டல் தொழிலுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும் என்பது என் ஆசை.

இன்றைக்கு இது தலைகீழ். எழுத்தில் எல்லோரும் 'அனைவரும் வருக'தான். வெப்சைட்டில் போய்ப் பாருங்கள், இருகரம் கூப்பியிருப்பார்கள். மறுப்பு எங்கே நடக்கிறது என்றால் வாசலில், அதுவும் சாட்சியில்லாத அரை நிமிஷத்தில். அதைவிட்டால் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற இடத்தில். வீட்டுக்காரர்கள் தங்கள் அறையை ஆன்லைனில் வாடகைக்கு விடுகிற ஏர்பிஎன்பி-யில் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரே மாதிரிக் கணக்குகளைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். கறுப்பின அமெரிக்கர் என்று தோன்றும் பெயருக்கு இடம் கிடைப்பது 16 சதவீதம் குறைவு. 2018-ல் அந்தக் கம்பெனி, அறையை உறுதிசெய்த பிறகுதான் விருந்தினர் படம் வீட்டுக்காரருக்குத் தெரியும்படி மாற்றியது. பெயர் என்னவோ அப்படியே தெரிந்துகொண்டிருந்தது.

பாண்டிக்கு இதில் தனி வரலாறே உண்டு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் ஊர், மேற்கே கறுப்பர் ஊர் என்று பிரெஞ்சுக்காரன் பிரித்துப் பெயரே வைத்துவிட்டுப் போனான். 'கறுப்பர் ஊர்' என்ற பெயரை நாம் துடைத்துவிட்டோம். 'ஒயிட் டவுன்' மட்டும் போர்டு போர்டாகத் தொங்குகிறது, ரூம் வாடகையைக் கூட்டுகிறது. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியர் மாதிரி ஷூ போட்டுக்கொண்டு பாண்டி கோர்ட்டுக்குள் போனார். இந்தியன் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வர வேண்டும் என்று நீதிபதி தடுத்தார். அவர் பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தார். பிற்பாடு பிரெஞ்சு முறைப்படி 'லாபோர்த்' என்று பெயரும் வைத்துக்கொண்டார். அந்தச் சொல்லுக்குக் கதவு, வாசல் என்று அர்த்தம். வாசலில் நிறுத்தப்பட்டவர் வாசலையே பெயராக்கிக்கொண்டார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரி, முதலாளிகள் ஏன் இப்படிச் செய்கிறார்கள்? எங்கள் முதலாளி கெட்டவர் கிடையாது. ரூம் பாய் அம்மாவின் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்தவர். அவரிடம் ஒருநாள் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, மத்த கெஸ்ட் என்ன நினைப்பாங்க?" என்றார். எந்த கெஸ்ட்டும் என்னிடம் வந்து அப்படிச் சொன்னதில்லை. இல்லாத ஒரு கெஸ்ட்டின் மனசுக்குப் பயந்துதான் பதினொரு சாவியை மறைத்தார்.

இந்த 'மத்தவங்க என்ன நினைப்பாங்க' ரொம்பப் பழைய சரக்கு. தென்னாப்பிரிக்காவில், பிரிட்டோரியாவில், ஓர் ஆங்கிலேயர் சலூனில் காந்திக்கு முடிவெட்ட மறுத்துவிட்டார்கள். அவர் ஒரு மெஷின் வாங்கிக் கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். பின்பக்கம் கண்டபடி ஆகிவிட்டது. கோர்ட்டில் நண்பர்கள், எலி கடித்துவிட்டதா என்று கேட்டுச் சிரித்தார்களாம். இதை எழுதிய காந்தி அந்த முடிதிருத்துபவரைத் திட்டவில்லை. கறுப்பருக்கு வெட்டினால் அவருக்கு மற்ற வாடிக்கை போய்விடும், நம் ஊரில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்தவர்களுக்கு முடிவெட்ட நம் ஆட்களை நாம் விடுகிறோமா என்று நம் பக்கம் திருப்பிவிட்டார்.

அங்கேதான் நானும் வந்து நிற்கிறேன். தமிழ்நாட்டு டீக்கடைக்கு இனப் பாகுபாடு என்பது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பொருள் இல்லை. இரட்டைக் குவளை வைத்திருந்த ஊர் நம்முடையது. சட்டம் வந்து குவளையைத் தூக்கியதும் பல இடங்களில் பேப்பர் கப் வந்தது. சுகாதாரம் என்று பெயர். ஆனால் யாருக்குக் கண்ணாடி கிளாஸ், யாருக்குப் பேப்பர் கப் என்று பார்த்தால் பழைய கணக்குதான். தோல் நிறத்தையும் முக ஜாடையையும் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம், சாதியை எடைபோட்டுப் பழகிய அதே கண்ணிலிருந்துதான் வருகிறது. கஃபே வாசலில் நின்ற அந்தப் பையனுக்கு இதை யாரும் டிரெய்னிங்கில் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். வீட்டிலேயே கற்றுக்கொண்டு வந்திருப்பான்.

2023 மார்ச்சில் சென்னையில் ஒரு பெரிய தியேட்டரில் நடந்தது நினைவிருக்கும். நரிக்குறவர் குடும்பம், கையில் டிக்கெட், வாசலில் ஊழியர் விடவில்லை. வீடியோ பரவியதும் உள்ளே விட்டார்கள். தியேட்டர் சொன்ன காரணம், படத்துக்கு யு/ஏ சான்றிதழ், சின்னப் பிள்ளைகள் கூட இருந்தார்கள் என்பது. என் உரைகல்லை இங்கே உரசிப் பாருங்கள். அதே படத்துக்கு மடியில் குழந்தையோடு எத்தனை குடும்பம் வந்திருக்கும்? அவர்களில் யாரிடம் சான்றிதழ் பற்றிப் பேசினார்கள்? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் ஊழியர்கள் மேல் வழக்குப் பதிவானது. ஊழியர்கள் மேல் என்பதைக் கவனியுங்கள்.

கடலூரிலேயே, சிப்காட்டிலிருந்து வரும் ஒடிசா, பீகார் பையன்கள் டீ குடிக்கிற கடை ஒன்று நான் தினமும் போகிற வழியில் இருக்கிறது. எனக்கு கிளாஸில் டீ, காசு போகும்போது. அந்தப் பையன்களுக்குப் பேப்பர் கப், காசு முதலில். என்னை "வாங்க சார்". என் வயசில் பாதிகூட இல்லாத மாஸ்டர் அவர்களில் நாற்பது வயசு ஆளைப் பார்த்து "ஏய், இங்க வா". விலை ஒன்றுதான், டீயும் ஒன்றுதான். புகார் கொடுக்கப் போனால் எந்த அதிகாரியும் இதில் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. ஒருநாள் எனக்கும் பேப்பர் கப் போதும் என்றேன். மாஸ்டருக்கு ஏதோ கோபமாக இருக்கிறேன் என்று பயம் வந்துவிட்டது, கிளாஸை இன்னொரு தடவை சுடுதண்ணீரில் கழுவினார்.

வெள்ளைக்காரரிடம் ஆட்டோவில் மூன்று மடங்கு கேட்பது இனப் பாகுபாடா என்று ஒருவர் முன்பு என்னிடம் சண்டைக்கு வந்தார். ஆமாம், அதுவும் தோலைப் பார்த்து விலை சொல்வதுதான். மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் டிக்கெட் என்பது வேறு. அது குடியுரிமையைப் பார்த்து, எழுதி ஒட்டி, எல்லாருக்கும் ஒன்றாக வாங்குவது. நேபாளம், இலங்கை போன்ற சார்க் நாட்டவரும் அங்கே 40 ரூபாய்தான். ஆட்டோக்காரர் பாஸ்போர்ட்டா பார்க்கிறார்? இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும். கூடுதல் காசு கொடுத்தவர் ஊருக்குப் போய்ச் சிரித்துக்கொண்டே சொல்வார். வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர் அப்படிச் சொல்ல மாட்டார்.

இனி சட்டம். இங்கே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் கலந்து இருக்கிறது.

அரசியல் சாசனம் பிரிவு 15(2), மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டுமே காரணமாக வைத்து எந்தக் குடிமகனையும் கடைக்கோ, பொது உணவகத்துக்கோ, ஓட்டலுக்கோ, கேளிக்கை இடத்துக்கோ போவதிலிருந்து தடுக்கக் கூடாது என்கிறது. அடிப்படை உரிமைகளில் பெரும்பாலானவை அரசாங்கத்தைப் பார்த்துப் பேசுபவை. இது தனியார் கடைக்காரரையும் பார்த்துப் பேசுகிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசியல் நிர்ணய சபையில், 'கடை' என்றால் சலவைக்கடை, சலூன் எல்லாம் அடங்குமா என்று கேள்வி எழுந்தது. கேட்டு வருகிற எவருக்கும் சேவை கொடுக்க உரிமையாளர் தயாராக இருக்கும் எந்த இடமும் கடைதான் என்று அம்பேத்கர் விளக்கம் சொன்னார். 2011-ல் உச்ச நீதிமன்றம் தனியார் கல்லூரி சேர்க்கை வழக்கில் இந்த விளக்கத்தையே எடுத்துக்கொண்டு 'கடை'யின் பொருளை இன்னும் அகலமாக்கியது. ஒயிட் டவுன் கஃபே சந்தேகமில்லாமல் இதில் வரும். உங்கள் தோழி இந்தியக் குடிமகள். மணிப்பூர் முகம் என்பதற்காக அவரை ஒதுக்கினால் இனமும் பிறந்த இடமும் இரண்டும் சேர்ந்தே வருகிறது.

கெட்ட செய்தி, 'குடிமகன்' என்று எழுதியிருப்பதால் நான் திருப்பி அனுப்பிய அந்த இரண்டு மாணவர்களுக்கு 15(2) உதவாது. இன்னொன்று, இந்த உரிமையை மீறினால் இத்தனை மாதம் ஜெயில் என்று 15(2)-ல் தண்டனை எதுவும் எழுதியில்லை. தண்டனை தரும் சட்டம் தீண்டாமைக்குத்தான் இருக்கிறது. 1955-ன் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் தீண்டாமை காரணமாகக் கடைக்குள் விடாமல் தடுப்பதும், பொருள் விற்க மறுப்பதும் குற்றம். 1989-ன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-ல் செய்த திருத்தம், பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கடைக்குள் நுழைய விடாமல் தடுப்பதைத் தனிக் குற்றமாகச் சேர்த்தது. வடகிழக்கு மக்களை முகத்தை வைத்துக் கேலிப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அவர்கள் பழங்குடியினராக இருக்கும்போது இந்தச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று 2012-ல் உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மணிப்பூரில் எல்லாரும் பழங்குடியினர் கிடையாது. மெய்தெய் மக்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தோழியிடம் கேட்காமல் இந்தச் சட்டத்தை நம்பி இறங்காதீர்கள்.

இனப் பாகுபாட்டுக்கென்றே சட்டம் வந்திருக்க வேண்டியது. 2014 ஜனவரியில் டெல்லி லஜ்பத் நகரில், அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியா ஒரு கடையில் வழி கேட்கப் போனார். அவர் தலைமுடியைக் கடையில் இருந்தவர்கள் கேலி செய்தார்கள். வாய்த்தகராறு அடிதடியானது, மறுநாள் இறந்துபோனார். அதன் பிறகு அமைத்த பெஸ்பருவா குழு அதே ஆண்டு ஜூலையில் அறிக்கை கொடுத்தது. புதுச் சட்டம் வேண்டும், இல்லையென்றால் அப்போதைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் தனிப் பிரிவு வேண்டும் என்று பரிந்துரைத்தது. தனிச் சட்டம் வரவில்லை.

நடுவில் ஒரு வேடிக்கை. நீதிபதி ஒருவரை வேட்டி கட்டியிருந்தார் என்று சேப்பாக்கத்தில் ஒரு கிளப்பில் விடாமல் போக, 2014-லேயே தமிழ்நாடு அரசு வேட்டிக்கென்று தனிச் சட்டம் போட்டுவிட்டது. ஓராண்டு ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். நீதிபதியைத் தடுத்தால் சட்டம் எவ்வளவு வேகமாக வருகிறது பாருங்கள். அது தமிழ்நாட்டுச் சட்டம் என்பதால் கடலூரில் உண்டு, எல்லை தாண்டிப் பாண்டிக்குள் போனால் கிடையாது.

கன்சூமர் கோர்ட். அதாவது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டத்தில் உங்களுக்குச் சாதகமான ஒன்று, கடை இருக்கும் ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பது இல்லை. நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ போடலாம். ஆகக் கடலூரிலும் போடலாம், பாண்டியிலும் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் கேட்டும் பார்க்கலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது, நான் மனு எழுதப் போய் இரண்டு முறை முட்டிக்கொண்டது. காசு கொடுத்தவரோ, கொடுப்பதாக ஒப்புக்கொண்டவரோதான் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர். வாசலிலேயே திருப்பி அனுப்பினால், "இவர் எங்கள் வாடிக்கையாளரே இல்லையே, ஒரு டீகூட ஆர்டர் செய்யவில்லையே" என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வரியிலேயே ஆரம்பிப்பார். மறுக்கப்பட்டதுதானே புகாரே என்று நாம் கத்தலாம், எடுபடுவது கஷ்டம். அதே நேரம், புக் செய்து, அட்வான்ஸ் கட்டி, போன பிறகு முகத்தைப் பார்த்து "ரூம் இல்லை" என்றால் கதை வேறு. அது சேவைக் குறைபாடு என்று நேராக நிற்கும். ஆகையால் உங்கள் முதல் சனிக்கிழமையை வைத்துக்கொண்டு இப்போதே கோர்ட்டுக்கு ஓட வேண்டாம் என்பேன்.

அதற்குப் பதில் ஒப்பீட்டைச் சேருங்கள். இந்த மாதிரி வழக்கில் ஜெயிக்க வைப்பது ஒப்பீடு ஒன்றுதான். 1993-ல் அமெரிக்காவில் மேரிலாந்தில், ஜனாதிபதியின் பாதுகாப்புப் பணிக்கு வந்த சீக்ரெட் சர்வீஸ் ஆட்கள் கூட்டமாக ஒரு ஓட்டலுக்குக் காலை டிபனுக்குப் போனார்கள். ஊர் ஊராகக் கிளை வைத்திருந்த கம்பெனி அது. எல்லாருக்கும் ஒரே யூனிபாரம், ஒரே நேரத்தில் ஆர்டர். வெள்ளை அதிகாரிகளுக்குத் தட்டு வந்தது, இரண்டாவது சுற்றும் வந்தது. ஒரே டேபிளில் உட்கார்ந்திருந்த ஆறு கறுப்பின அதிகாரிகளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகியும் வரவில்லை. கிச்சனில் வேலை அதிகம் என்று ஓட்டல் சொன்னது. உடை ஒன்று, நேரம் ஒன்று, கிச்சன் ஒன்று என்றால் மிச்சம் இருப்பது நிறம் மட்டும்தானே! மற்ற ஊர்க் கிளைகளில் இப்படி நடத்தப்பட்டவர்களும் சேர்ந்துகொள்ள, 1994-ல் அந்தக் கம்பெனி 5 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது.

நமக்கு யூனிபாரமும் இல்லை, சீக்ரெட் சர்வீஸும் இல்லை. ஆனால் போன் இருக்கிறது. வருகிற சனிக்கிழமைக்கு இரண்டு பேருக்கு டேபிள் வேண்டும் என்று வியாழக்கிழமையே கூப்பிடுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் இன்னும் நல்லது, பதில் எழுத்தில் நிற்கும். உங்கள் பெயரில் கேட்காதீர்கள், தோழியின் பெயரில் கேளுங்கள். அதற்கு முன் தோழிக்கு இதில் இஷ்டமா என்று கேட்டுவிடுங்கள். "பழகிடுச்சு" என்று சொன்னவருக்கு மறுபடியும் போய் அந்த வாசலில் நிற்கத் தெம்பு இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அவர் வேண்டாம் என்றால் இதோடு விட்டுவிட்டு, முதலாளிக்கு ஒரு கடிதம் மட்டும் எழுதுங்கள். தேதி, மணி, எத்தனை டேபிள் காலி, யார் என்ன சொன்னார், பின்னால் வந்தவர்களிடம் பேர் கேட்டார்களா இல்லையா. 'நிறவெறி' என்ற சொல்லை அந்தக் கடிதத்தில் போடாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் முதலாளி வக்கீலைக் கூப்பிடுவார். மணியையும் டேபிளையும் பார்த்தால் மேனேஜரைக் கூப்பிடுவார்.

வாசலில் நின்ற பையனிடம் சண்டை போடாதீர்கள். அந்த இடத்தில் நான் இருந்திருக்கிறேன். "புக்கிங் நோட்டைக் காட்டுங்க தம்பி" என்று மட்டும் கேளுங்கள். புக்கிங் இருந்தால் காட்டிவிடுவான். இல்லையென்றால் உள்ளே திரும்பி யார் முகத்தையோ பார்ப்பான். யார் முகத்தை என்று நீங்களும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், கடிதத்தை அவர் பேருக்கு எழுத வேண்டும்.

தோழி சரி என்றால், சனிக்கிழமை ஏழு மணிக்கு முன்னாலேயே போய்விடுங்கள், ஏழரைக்கு மேல் அந்தத் தெருவில் நிஜமாகவே இடம் கிடைக்காது. உட்கார வைத்தால் சாப்பிட்டுவிட்டு மறக்காமல் பில் வாங்குங்கள். உட்கார வைக்கவில்லை என்றால் வாட்ஸ்அப் பதிலை அழிக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள், மனுவை நான் எழுதித் தருகிறேன்.